வேவெஸ்ஸ தொழிலாளர் குழு (1940)

நமுனுகுல மலையைச் சூழ்ந்த ஊவாத் தேயிலைத் தோட்டங்களில் 1940 இல் எழுந்த வேலைநிறுத்தங்களின் உச்சம், பதுளையை அடுத்த வேவெஸ்ஸ தோட்டத் தொழிலாளர் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொண்ட குழு. அதனைக் கலந்தே தோட்டத்தை நடத்தத் தோட்ட அதிகாரியான துரை இணங்கினார். அடக்க வந்த ஆயுதப் பொலிஸாரின் ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்துக்கொண்டார்கள். பொலிஸ் அடக்குமுறையும், ஊவாவை ஒரு வாரத்துக்கு மேல் துண்டித்த வெள்ளமும் போராட்டத்தை முறித்தன. லங்கா சமசமாஜக் கட்சியின் வரலாற்றில் ஓரிரு வரிகளில் இது முடிந்துவிடுகிறது. ஆனால் இதை லயங்கள் எனும் தோட்ட வரிசை வீடுகளில் வாழ்ந்த மக்களின் வரலாறாகவே வாசிக்க வேண்டும்.

ஆளைச் சேர்த்து, கடன் கொடுத்து, துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவே நின்றவர் பெரிய கங்காணி. கடன் தொகை எழுதிய 'துண்டு' இல்லாமல் வேறு தோட்டத்தில் பேர் பதிய முடியாதிருந்தது. 1921 இல் துண்டு முறை ஒழிந்தது. 1931 இல் சர்வசன வாக்குரிமை வந்தது. அதே ஆண்டு கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். கூட்டங்களில் அவர் மனைவி மீனாட்சியம்மாள் பாடிய பாட்டுகள், எழுத்தறியாதவருக்கும் சங்கத்தின் நியாயத்தைக் கொண்டுசேர்த்தன. 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் பொலிஸ் சுட்டு இறந்த கோவிந்தனும் சாதாரணத் தொழிலாளியே.

குழு என்ற எண்ணமே கட்சி தந்தது என்பர். இருக்கலாம். ஆனால் அத்துமீறல் சட்டத்தைக் காட்டி வெளியாரைத் தோட்ட எல்லையிலேயே நிறுத்த முடிந்தது. அன்றாடம் போராட்டத்தை நடத்தியாக வேண்டியவர்கள் உள்ளே இருந்தவர்கள்தான். கூடி ஒன்றை நடத்தும் பழக்கம் அவர்களுக்குப் புதிதல்ல. மாசியில் காமன் கூத்துக்குக் காமன் ஊன்றி மதனை எரிக்கும்வரை வீட்டுக்கு வீடு வரி எடுப்பது, ரதி மதன் வேடத்துக்கு ஆள் தேர்வது, லயச் சண்டையைத் தீர்த்து எல்லோரையும் ஒரே களத்தில் நிறுத்துவது எல்லாமே துரையின் உத்தரவின்றி நடந்தவை. விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு அழைத்த தப்பு மேளம் கூத்தில் மக்கள் சொல்லுக்கு முழங்கியது.

கோயில் முதல் மரியாதை கங்காணிக்கே போயிற்று, தப்படித்தவர் சாதியால் ஒதுக்கப்பட்டார் என்ற மறுப்பில் உண்மை உண்டு. சமத்துவத்தைக் கூத்து தரவில்லை; அதைச் சங்கமும் வாக்கும் தரத் தொடங்கின. கூத்து தந்தது கூடிச் செய்யும் தேர்ச்சி.

வேவெஸ்ஸ போராட்டம் நடந்த அதே 1940 இல் தோட்ட முதலாளிமாரும் சங்கங்களும் ஏழு அம்ச உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். 1948 குடியுரிமைச் சட்டம் மலையக மக்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. இந்தச் சிதறலில் வேவெஸ்ஸ தலைமுறையின் வாய்மொழியும் பிரிந்துபோக, பொலிஸும் கட்சியும் எழுதிய பக்கமே நூல்களில் தங்கியது.