காத்தாடி ஒன்று, கணக்கு இரண்டு

'தூய ஆற்றல்' என்கிற சொல்லாடலில் எனக்கொரு சந்தேகம். நிலக்கரியை விட்டுக் காற்றுக்கு மாறினால் அதிகாரமும் தானாகவே பரவலாகிவிடும் என்று சூழலியல் நண்பர்கள் பேசுகிறார்கள். எந்திரத்துக்கு அப்படியொரு குணம் கிடையாது. ஒரே எந்திரம் இரண்டு நாடுகளில் என்னவாயிற்று என்று பார்த்தாலே தெரியும்.

1973 எண்ணெய் நெருக்கடியின்போது டென்மார்க் தன் ஆற்றல் தேவையில் சுமார் 90 சதவீதத்துக்கு இறக்குமதி எண்ணெயையே நம்பியிருந்தது. அரசும் மின் நிறுவனங்களும் அணு உலை கட்டத் திட்டமிட்டன. எதிர்த்தவர்கள் கோஷத்தோடு நிற்கவில்லை. ரீசாகர் என்ற தச்சர் 1976இல் தானே செய்த காற்றாலையை மின் தொகுப்பில் இணைத்தார். 1979 முதல் ஆலை வாங்குவோருக்கு விலையில் 30 சதவீதத்தை அரசு மானியமாகக் கொடுத்தது. கூட்டுறவில் பங்கு வாங்கணும்னா அந்த வட்டாரத்தில் குடியிருக்கணும் என்று விதி. 1985இல் நாடாளுமன்றம் அணுமின் திட்டத்தைக் கைவிட்டது. 2001 வாக்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் காற்றாலைப் பங்குதாரர்கள்.

1980களின் இறுதியில் டேனிஷ் காற்றாலைகள் அந்நாட்டு அரசின் உதவியோடு கயத்தாறுக்கும் முப்பந்தலுக்கும் வந்தன. எந்திரம் வந்ததே தவிர கூட்டுறவு வரவில்லை. இந்திய அரசு கொடுத்த சலுகை வேறு மாதிரி: ஆலையின் மொத்த விலையையும் முதல் வருஷமே தேய்மானமாகக் காட்டி லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். வருமான வரியே கட்டாத மானாவாரி விவசாயிக்கு இதில் என்ன இருக்கு? வரி கட்டுகிற நூற்பாலை முதலாளிக்குத்தான் எல்லாம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் நட்ட காத்தாடி, கோயம்புத்தூர் ஆலையின் வரிக்கணக்கில் சுற்றியது. 1996 பட்ஜெட்டில் குறைந்தபட்ச மாற்று வரி வந்தது. அதற்குப் பின் புதிதாக நடுவது சரிந்தது. 2012இல் தேய்மானச் சலுகையைக் குறைத்தபோதும் இதே கதை. கணவாயில் காற்று என்னவோ பழையபடியேதான் அடித்தது.

டென்மார்க்கை நான் புனிதப்படுத்தவில்லை. 1999 மின்சந்தைச் சீர்திருத்தத்துக்குப் பின் அங்கேயும் பெருமூலதனம் உள்ளே வந்தது. புதிய ஆலைகளில் 20 சதவீதப் பங்கை உள்ளூர்க்காரர்களுக்கு விற்க முன்வர வேண்டும் என்று 2008இல் சட்டம் போட்டார்கள். 2020இல் அதுவும் போயிற்று. இன்று அந்நாட்டு மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து வருகிறது. ஆக, கரிப்புகை குறைவதும் சொத்து குவிவதும் ஒரே சமயத்தில் நடக்கலாம்.

கூடங்குளம் அணு உலையை எதிர்த்து 2011இல் இடிந்தகரையில் கூடியவர்களைப் பார்த்து, 'அப்போ கரண்டு வேண்டாமா?' என்று கேட்டார்கள். டென்மார்க்கில் அதே கேள்விக்கு மக்கள் சங்கமாகச் சேர்ந்து ஆலை வாங்கிப் பதில் சொன்னார்கள். இங்கேயும் சட்டத்தில் வழி இருக்கு. கூட்டுறவுச் சங்கம் தன் உறுப்பினர்களுக்காக மின் நிலையம் அமைக்க 2003 மின்சாரச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் 'சொந்த உபயோக உற்பத்தி' என்ற அந்த ஏற்பாட்டைக் கையிலெடுத்தவை பெரும்பாலும் ஆலைகளும் நிறுவனங்களும்தான். சலுகையை வரிக்கழிவாக அல்லாமல் நேரடி மானியமாகக் கொடு, அதையும் அந்த வட்டாரத்தில் குடியிருப்பவனுக்குக் கொடு என்பது நம் கோரிக்கைப் பட்டியலில் சேர வேண்டும்.