பரங்கிப்பேட்டை உலையும் ஷெபீல்டு கத்தியும்

கடலூரில் ஒரு காயலான் கடையில், சாக்குத் துணியில் சுருட்டிக் கிடந்த இரண்டு கத்திகளை வாங்கி வந்தேன். ஒன்று மடக்குக் கத்தி. எலும்புப் பிடி, நகம் விட்டுத் திறக்க அலகில் பிறை போல ஒரு பள்ளம். இன்னொன்று வெள்ளைக்காரர் வீட்டு மேசைக்கத்தி. இரண்டிலும் அலகின் அடியில் ‘ஷெபீல்டு’ என்று இங்கிலாந்தின் எஃகு நகரத்துப் பெயர் பொறித்திருந்தது. மடக்குக் கத்தியில் கூடவே ‘காஸ்ட் ஸ்டீல்’, அதாவது வார்ப்பு எஃகு.

அம்மா பார்த்ததும் சொன்னார்: “கொல்லாமை சொன்ன ஊர்ல இருந்துக்கிட்டு கத்தி சேக்கறியேடா.”

வடலூரில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. 1867-இல் வள்ளலார் தருமச்சாலை தொடங்கிய மண் இது. ஆனால் நான் தேடுவது குத்தும் கத்தியை அல்ல. பேனாக்கத்தி என்ற பெயரே இறகுப் பேனா சீவப் பிறந்ததால் வந்தது. நம்மிடமும் மடக்கெழுத்தாணி இருந்தது. ஒரு முனையில் ஓலையில் எழுதும் ஆணி, மறு முனையில் ஓலை நறுக்கும் கத்தி, இரண்டும் பிடிக்குள் மடங்கும். உலகத்துச் சேகரிப்பாளர்கள் ஸ்பெயினின் நவாஹாவையும் துருக்கியின் யத்தகானையும் தேடி அலைகிறார்கள். எனக்கு அந்த ஷெபீல்டு கத்திகளே போதும். அவை பிறந்த கதையில் பாதி, பக்கத்துப் பரங்கிப்பேட்டையில் நடந்தது.

ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை உத்தியோகஸ்தர். வேலையை விட்டுவிட்டு, 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை தொடங்கினார். தாது சேலம் சீமையிலிருந்து பரிசல்களில் காவிரி, கொள்ளிடம் வழியாக வந்தது. எரிபொருள் மரக்கரி. ஐரோப்பிய முறைப்படி பெரிய ஊதுலை கட்டி இரும்பு உருக்கிக் கப்பலில் இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள்.

ஹீத்தைப் பற்றி எனக்குப் பிடித்தது, அவர் நம் கொல்லர்களை மதித்துக் கவனித்தது. 1839-இல் அச்சான ஒரு கட்டுரையில் அவர்களின் உருக்கு வேலையைப் படிப்படியாக எழுதியிருக்கிறார். இரும்பைத் துண்டாக்கி மண் மூசையில் போடுவார்கள். எடையில் பத்தில் ஒரு பங்கு ஆவாரங்கட்டையை உலர்த்திப் பொடியாக நறுக்கிச் சேர்ப்பார்கள். மேலே ஒன்றிரண்டு எருக்க இலை. வாயைக் களிமண்ணால் அடைத்து, இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை ஒரே உலையில் அடுக்கி இரண்டரை மணி நேரம் ஊதுவார்கள். கட்டையும் இலையும் கரியாகி இரும்புக்குள் ஏற, இரும்பு எஃகாகிவிடும். நம் வேலியோரத்து எருக்கு! எகிப்தியர் கல்தூண்களில் எழுத்து வெட்டிய உளிகூட இந்திய எஃகாகத்தான் இருக்கும் என்று அதே கட்டுரையில் ஹீத் வாதாடுகிறார். அது மிகை என்றே நினைக்கிறேன். ஆனால் டமாஸ்கஸ் வாள் என்று மத்தியதரைக் கடலோரம் கொண்டாடிய ஆயுதங்களுக்குத் தென்னாட்டு மூசை எஃகு கப்பலேறிப் போனது மிகையல்ல.

அதே 1839-இல்தான் அவர் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார். ஷெபீல்டுக்காரர்களும் மூசையில்தான் எஃகு உருக்கினார்கள். நல்ல எஃகுக்கு சுவீடன் இரும்பு வேண்டும், அது விலை அதிகம். உள்ளூர் இரும்பில் கந்தகம் கலந்திருக்கும், பழுக்கக் காய்ச்சி அடித்தால் உதிரும். மாங்கனீசையும் கரியையும் சேர்த்துச் செய்த கூட்டுப்பொருளை நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்கு மூசையில் போடச் சொன்னார் ஹீத். மாங்கனீசு கந்தகத்தைப் பிடித்துக்கொள்ளும். எஃகு இளகி, சுத்தியலுக்கு வளைந்து கொடுக்கும். அதைவிடப் பெரிது, வார்ப்பு எஃகு சாதா இரும்போடு ஒட்ட ஆரம்பித்தது. அதற்கு முன் ஒட்டவைக்கப் படாத பாடு பட வேண்டும்.

என் மேசைக்கத்தியை வெயிலில் சாய்த்துப் பிடித்தால் இது கண்ணுக்குத் தெரிகிறது. பிடிக்குள் போகும் காம்பு மங்கலான சாம்பல் நிறம், இரும்பு. அலகு பளபளப்பு, எஃகு. இரண்டும் சேரும் இடத்தில் மயிரிழை போல ஒரு கோடு. விரல் நுனிக்குத் தட்டுப்படாது, கண்ணுக்குத்தான். விலை உயர்ந்த எஃகை அலகுக்கு மட்டும் வைத்துக் காம்பை இரும்பில் முடித்ததால்தான் நல்ல கத்தி சாமானியர் கைக்கு எட்டியது. மூசைக்குள் சிறிது சேர்த்தால் இரும்பின் குணமே மாறும் என்று சேலத்துக் கொல்லர் வேலையில் அறிந்தவர் அல்லவா ஹீத்? அந்தக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் எருக்க இலைதான் என் நினைவுக்கு வருகிறது.

பரங்கிப்பேட்டை உலைக்கு மரக்கரி கட்டுப்படியாகவில்லை. 1860-களில் அடங்கிப்போனது. எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் நெய்வேலி. அந்த மண்ணுக்கடியில் அப்போதே பழுப்பு நிலக்கரி கிடந்தது. அந்த உலைக்கு அது பொருந்தியிருக்காது என்றாலும் மனம் கேட்கத்தான் செய்கிறது.

ஹீத்தின் கதை அதற்கும் முன்பே முடிந்தது. ஷெபீல்டில் அவருக்கு முகவராக இருந்த அன்வின் என்பவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கூட்டுப்பொருளைத் தனியே செய்யாமல், மாங்கனீசு ஆக்சைடையும் கரிப்பொருளையும் தனித்தனியே மூசையில் போட்டார். சூட்டில் இரண்டும் உள்ளேயே சேர்ந்துகொள்ளும். காப்புரிமை சேர்த்துச் செய்த பொருளுக்குத்தானே, நான் போட்டது வேறு என்றார். வழக்கு வருடக்கணக்கில் நடந்தது.

இதை அம்மாவிடம் சொன்னேன். வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

“உப்பைத் தனியா போட்டா என்ன, புளியைத் தனியா போட்டா என்ன, கொதிச்சா ஒரே கொழம்புதானே. அந்த மனுசன் காசைக் குடுக்கச் சொல்லு.”

1855-இல் பிரபுக்கள் சபை அன்வின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதைக் கேட்க ஹீத் இல்லை. 1851-லேயே இறந்துபோயிருந்தார்.