கணக்கில் எழுதாதவை

ப்ளாரன்ஸில் உள்ள ஸான் லொரன்ஸோ தேவாலயத்திற்கு இன்றும் முகப்பு கிடையாது. உள்ளே புருனெல்லெஸ்கியின் அளவும் அமைதியும். வெளியே, பளிங்கு பதிப்பதற்காக விட்டு வைத்த கரடுமுரடான கல் வரிசைகள். அச்சுவருக்காக மைக்கலாஞ்சலோ போட்ட படங்கள் காகிதத்திலேயே தங்கிவிட்டன. முற்றுப்பெறாததில் ஒரு மகத்துவத்தைக் கண்டு சிலிர்ப்பது நம்மிடையே ஒரு பழக்கமாகிவிட்டதால், அப்படங்களைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது.

ஸான் லொரன்ஸோ, மெடிசி குடும்பத்தின் கோயில். 1513ல் போப்பாகிய பத்தாம் லியோ அக்குடும்பத்தவர். குடும்பக் கோயிலுக்கு ஒரு செவ்வியல் முகப்பு வேண்டுமென்று அவர் விரும்பியபோது ஜூலியானோ தா ஸங்கல்லோ, ரஃபேல், ஸான்ஸோவினோ என்று பலர் முன்வந்தனர். வேலை மைக்கலாஞ்சலோவிடம் போயிற்று.

சிக்கல் உருவம் பற்றியது. பண்டைய ரோமானியக் கோயிலின் தூண் வரிசையும் முக்கோண முகடும் ஒரே உயரமுள்ள கட்டடத்தில் பிறந்தவை. கிறிஸ்துவ ஆலயத்திலோ நடுக்கூடம் உயரம், பக்கக்கூடங்கள் தாழ்வு. அதே ஊரில் ஸான்டா மரியா நொவெல்லாவின் முகப்பில் ஆல்பெர்ட்டி இந்த இறக்கத்தை இரண்டு பெரிய சுருள்களால் மூடினார். மைக்கலாஞ்சலோவின் ஆரம்பப் படங்களிலும் நடு உயர்ந்து பக்கங்கள் தாழ்கின்றன. பிறகு, கீழ் அடுக்குக்கும் மேல் அடுக்குக்கும் நடுவே ஒரு குறுகிய அடுக்கு நுழைகிறது, பக்கங்கள் மேலேறுகின்றன, கடைசியில், பக்கவாட்டிலும் திரும்பும் ஆழத்தோடு, தனியொரு கட்டடம்போல முகப்பு நிற்கிறது. பின்னாலுள்ள ஆலயத்தின் வடிவம் அதில் தெரியவே தெரியாது. உள்ளடக்கத்தைக் கைவிட்ட உருவம் என்று இதைக் குறை சொல்லலாம். எனக்கு அப்படிப் படவில்லை. சுருள் மறைக்கிறது, இது மறைக்க முயலாமல், தான் வேறொரு உடல் என்று ஒப்புக்கொள்கிறது.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்துபவை இந்த முகப்புத் தோற்றங்கள் அல்ல. அவரது குடும்ப வீடான காஸா புவொனரொத்தியில் வேறு சில தாள்கள் இருக்கின்றன. வெட்டியெடுக்க வேண்டிய பளிங்குக் கட்டிகளின் கோட்டுருவங்கள். பக்கத்தில் நீள அகல அளவுகள். நிழல் இல்லை, அழகு இல்லை. கற்பனை கல்லுக்குப் பதில் சொல்லியாக வேண்டிய இடம் அது.

1518 ஜனவரியில் ஒப்பந்தம்: 40,000 டுகாட், எட்டு வருஷம். கராராவின் பளிங்கை விட்டு, ப்ளாரன்ஸ் ஆட்சிக்குட்பட்ட ஸெரவெஸ்ஸா மலையிலிருந்து கல் எடுக்கும்படி நிர்ப்பந்தம். அங்கே முதலில் பாதையே போட வேண்டியிருந்தது. அதே வருஷம் ஒரு தூணை மலையிலிருந்து இறக்கும்போது ஒரு தொழிலாளி கழுத்து முறிந்து இறந்தான். மைக்கலாஞ்சலோவும் மயிரிழையில் தப்பினார். முற்றுப்பெறாமையை ரசிப்பவர்கள் அவனையும் சேர்த்தே ரசிக்க வேண்டும்.

1520 மார்ச்சில் ஒப்பந்தம் ரத்தாயிற்று. மெடிசிகளின் கவனம் அதே ஆலயத்தில் ஒரு கல்லறை மண்டபத்தின் பக்கம் திரும்பியிருந்தது. அப்போது மைக்கலாஞ்சலோ ஒரு கணக்கு எழுதி வைத்தார். பேரேட்டோடு பிழைப்பு நடத்துகிற நான் அதுபோல ஒரு கணக்கைக் கண்டதில்லை. வரவு செலவுக்குப் பிறகு, தான் கணக்கில் சேர்க்காதவை என்று ஒரு பட்டியல் போடுகிறார்: அனுப்பிய மர மாதிரியைச் சேர்க்கவில்லை, இழந்த மூன்று வருஷங்களைச் சேர்க்கவில்லை, நேர்ந்த பெரும் அவமானத்தைச் சேர்க்கவில்லை. சேர்க்கவில்லை என்று எழுதுவதன் மூலமே எல்லாவற்றையும் சேர்த்துவிடுகிறார்.

2011ல் ப்ளாரன்ஸ் மேயராக இருந்த ரென்ஸி, அந்த முகப்பை இப்போது கட்டிவிடலாம் என்று ஒரு யோசனை சொன்னார். நடக்கவில்லை, நல்லதாயிற்று. மர மாதிரியைப் பார்த்துப் பளிங்கை அடுக்கிவிடலாம். ஆனால் ஒவ்வொரு கட்டியின் முன்னும் நின்று மனத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய அந்த மனிதனை எந்த ஒப்பந்தத்தில் எழுதுவது? மொட்டைச் சுவரைப் போற்றுவதும் அதை நிரப்பத் துடிப்பதும் ஒரே தவறின் இரு பக்கங்கள்தாம். இரண்டுமே அவர் பட்ட நஷ்டத்தை நஷ்டமாக இருக்கவிடுவதில்லை.