தாயம் விழுந்தால் மறு ஆட்டம்

வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்க ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வீடுகளில் பரமபதமும் தாயமும் ஆடுவோம். தாயம் விழுந்தால் மறு ஆட்டம். காயை வெட்டினாலும் மறு ஆட்டம். இரண்டும் ஒன்றாக வந்தால் ஆட்டம் ஒன்றா, இரண்டா? வீட்டுக்கு வீடு சட்டம் வேறு, சண்டையும் அங்கேதான்.

1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி வெளியான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' கதை விளையாட்டிலும் இதே வழக்கு. வாளுக்கு, மந்திரத்துக்கு என்று வீரனுக்குச் சலுகைப் புள்ளிகள் ஏறிக்கொண்டே போகும். 2000-ல் மூன்றாம் பதிப்பு அவற்றை வகை பிரித்தது: பெரும்பாலும் ஒரே வகையில் இரண்டு வந்தால் பெரியது மட்டுமே செல்லும். ஆபீஸில் சம்பளப் பட்டியல் போட்ட எங்களுக்கு இது புதிதல்ல. 2014-ல் ஐந்தாம் பதிப்பு பல கூட்டல்களை எடுத்துவிட்டது: சாதகம் எத்தனை சேர்ந்தாலும் இருபது முகப் பகடையை இரண்டு முறை உருட்டி, பெரியதை எடுத்துக்கொள், அவ்வளவே.

ஆட உட்காருமுன் உங்கள் வீட்டுச் சட்டத்தைப் பேரப்பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். விடியும்வரை சண்டை வராது.