பல நகரங்கள், ஒரே வட்டாரம்

பழநி மலையின் மேற்பகுதியில் மலைப்பூண்டு விளையும் ஊர்களுள் ஒன்று கவுஞ்சி. அவ்வூராருக்கு 'டவுன்' எது? விடை எளிதன்று. பூண்டு விற்க வடுகபட்டிச் சந்தை. வட்ட அலுவலகத்துக்குக் கொடைக்கானல். ஆட்சியரைக் காணத் திண்டுக்கல். பெரிய மருத்துவமனைக்கு மதுரை. ஒரே நகரம் எல்லாம் தருவதில்லை.

இவ்வாறு அருகருகே உள்ள நகரங்கள் தொழிலைப் பகிர்ந்துகொண்டு ஒன்றாக இயங்கும் பகுதியைப் 'பல மைய நகர்ப்புலம்' எனலாம். நெதர்லாந்தில் ராட்டர்டாம் துறைமுகம். தி ஹேக் அரசின் இருப்பிடம். ஆம்ஸ்டர்டாம் வணிகத் தலைமை. இரட்டை விண்மீன்களை எண்ணிப் பாருங்கள். ஒன்றை மற்றொன்று சுற்றுவதில்லை. இரண்டும் பொதுவான ஈர்ப்பு மையத்தைச் சுற்றுகின்றன.

நம் நாட்டு எடுத்துக்காட்டு, இம்மலைக்கு வடக்கே பரந்துள்ள கொங்கு நாடு. 1862இல் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரை வரை இருப்புப்பாதை அமைந்தது. ஈரோடு, திருப்பூர், கோவைப் பகுதிகள் ஒரே கோட்டில் இணைந்தன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். 1888இல் கோவையில் நூற்பாலை தோன்றியது. 1932இல் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. மின்சாரத்தைக் கம்பி வழியே எங்கும் கொண்டு செல்லலாம் அல்லவா? ஆகவே தொழில் ஒரே நகரில் குவியவில்லை. கோவை நூலும் இயந்திரமும் செய்தது; திருப்பூர் பின்னலாடை செய்தது; ஈரோடு துணிக்கும் மஞ்சளுக்கும் சந்தையாயிற்று.

ஆட்சி எல்லையோ வேறு திசையில் சென்றது. 1979இல் ஈரோட்டுப் பகுதியும், 2009இல் திருப்பூரும் தனி மாவட்டங்களாயின. ஆனால் நொய்யல் ஆறு எல்லை அறியாது. பாசனத்துக்கென 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில், மேலேயுள்ள திருப்பூரின் சாயக்கழிவு தேங்கியது. கீழ்ப்பகுதி வயல்களும் கிணறுகளும் கெட்டன. உழவர்கள் நீதிமன்றம் சென்றனர். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. பல்லாயிரம் தொழிலாளர் வேலையிழந்து தவித்தனர். ஒரு நகரின் வருவாய் மற்றோர் ஊரின் இழப்பாகும்போது, முடிவில் இரண்டுமே துன்புறுகின்றன.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? சாலையும் மின்கம்பியும் நகரங்களை இணைத்துவிடும். ஆனால் நீர், கழிவு, போக்குவரத்து ஆகியவற்றைச் சேர்ந்து திட்டமிட்டால்தான் அவை ஒரே வட்டாரமாக வாழ முடியும்.

மாணவர்களே, உங்கள் ஊரை நடுவில் வைத்து ஒரு படம் வரையுங்கள். சந்தை, மருத்துவமனை, கல்லூரி ஆகியவற்றுக்குச் செல்லும் நகரங்களைக் கோடுகளால் இணையுங்கள். உங்கள் ஊர் ஆறு எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பதையும் குறியுங்கள். உங்கள் வட்டாரத்தின் உண்மையான எல்லை அப்படத்தில் புலப்படும்.