முன்னோர் செய்த போர்க் கொடுமைக்கு இன்றைய அரசு மன்னிப்புக் கேட்க வேண்டுமா?

1947 டிசம்பர் 9 அன்று இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில், கரவாங் பகுதியில் உள்ள ரவகெடே என்ற கிராமத்துக்குள் டச்சு இராணுவம் நுழைந்தது. லூகாஸ் குஸ்தாரியோ என்ற விடுதலைப் போராளித் தளபதி எங்கே என்று கேட்டார்கள். ஊர் மக்கள் காட்டிக் கொடுக்கவில்லை. ஆண்களைப் பிடித்து வரிசையாக நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள். கொல்லப்பட்டவர்கள் 431 பேர் என்று ஊர் மக்கள் சொல்கிறார்கள். 150 பேர் என்று டச்சு அரசு சொன்னது. எந்தக் கணக்கை எடுத்துக் கொண்டாலும், ஒரே நாளில் அது விதவைகளின் கிராமமாகி விட்டது.

சரியாக 64 ஆண்டுகள் கழித்து, 2011 டிசம்பர் 9 அன்று, நெதர்லாந்தின் தூதர் அதே ஊரில் நின்று தம் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். அந்தக் கூட்டத்தில் முதுமையடைந்து விட்ட சில விதவைகளும் இருந்தார்கள்.

"சுட்டவர்களில் பெரும்பாலோர் இறந்து விட்டார்கள். பின்னால் பிறந்தவர்கள் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்?" என்று சிலர் கேட்கிறார்கள். இது நியாயமான கேள்விதான். மார்க்கத்தின் வெளிச்சத்தில் இதற்கு விடை காண்போம்.

பாவம் வாரிசாக வராது, கடன் வரும்

ஒருவரின் பாவச் சுமையை மற்றொருவர் சுமக்க மாட்டார் என்பது குர்ஆன் பல இடங்களில் சொல்லும் அடிப்படை (6:164, 53:38). எனவே இன்று ஆம்ஸ்டர்டாமில் பள்ளிக்கூடம் போகும் ஒரு டச்சுப் பிள்ளையைப் பார்த்து, "நீ கொலைகாரன்" என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

ஆனால் கடனின் சட்டம் வேறு. தகப்பனார் இறந்தால், அவருடைய மரண சாசனத்தையும் கடனையும் நிறைவேற்றிய பிறகுதான் வாரிசுகள் சொத்தைப் பங்கு வைக்க முடியும் (4:11). மூன்று தீனார் கடனை விட்டுச் சென்ற ஒருவரின் ஜனாஸா கொண்டு வரப்பட்டபோது, நபி (ஸல்) அவர்கள் தாமே தொழுகை நடத்த முன்வரவில்லை. "அந்தக் கடன் என் பொறுப்பு" என்று அபூ கதாதா (ரலி) அவர்கள் ஏற்றுக் கொண்ட பிறகே நடத்தினார்கள். புகாரியில் வரும் இந்தச் செய்தியை நாம் பலமுறை கேட்டிருப்போம். அபூ கதாதா (ரலி) அவர்கள் அந்தக் கடனை வாங்கியவர் அல்லர். ஆனாலும் பொறுப்பை ஏற்றார்கள்.

அரசு என்பது தனி மனிதனைப் போல இறந்து விடுவதில்லை. ஆட்சியாளர்கள் மாறினாலும் கஜானாவும் ஒப்பந்தங்களும் தொடர்கின்றன. 1949ல் ஹேக் நகரில் நடந்த வட்டமேசை மாநாட்டில், காலனி ஆட்சிக் காலத்துக் கடனில் 400 கோடி கில்டருக்கும் அதிகமான தொகையைப் புதிய இந்தோனேசியாவின் தலையில் ஏற்றியது நெதர்லாந்து. பணக் கடன் ஓர் அரசிலிருந்து அடுத்த அரசுக்கு வரும் என்றால், இரத்தக் கடன் மட்டும் எப்படி வராமல் போகும்?

பனூ ஜதீமா தரும் பாடம்

ஹிஜ்ரி 8ல் மக்கா வெற்றிக்குப் பின், காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் தலைமையில் ஒரு படை பனூ ஜதீமா குலத்தாரிடம் அனுப்பப்பட்டது. இஸ்லாத்தை ஏற்றோம் என்பதை அந்த மக்கள் சரியான வார்த்தையில் சொல்லத் தெரியாமல், "மதம் மாறி விட்டோம்" என்ற பொருள்படச் சொன்னார்கள். அதைத் தவறாகப் புரிந்து கொண்டதால் கைதிகள் கொல்லப்பட்டனர். அந்தப் படையில் இருந்த இப்னு உமர் (ரலி) அவர்கள், தம்மிடம் இருந்த கைதியைக் கொல்ல மறுத்து விட்டார்கள்.

செய்தி அறிந்த நபி (ஸல்) அவர்கள் கைகளை உயர்த்தி, காலித் செய்த இந்தச் செயலிலிருந்து தாம் விலகிக் கொள்வதாக அல்லாஹ்விடம் இரண்டு முறை முறையிட்டார்கள் என்று புகாரியில் உள்ளது. பிறகு அலீ (ரலி) அவர்களைப் பொருளுடன் அனுப்பி, கொல்லப்பட்டவர்களுக்கு தியத் எனும் இரத்த ஈட்டுத் தொகையும், சேதமான பொருட்களுக்கு இழப்பீடும் கொடுக்கச் செய்தார்கள். நாய் தண்ணீர் குடிக்கும் பாத்திரத்துக்குக் கூட ஈடு கொடுக்கப்பட்டது என்றும், மீதமிருந்த பொருளும், தெரியாமல் விடுபட்டிருக்கக் கூடிய இழப்புக்காக அவர்களுக்கே தரப்பட்டது என்றும் சீரா நூல்கள் கூறுகின்றன.

காலித் (ரலி) அவர்களைக் குறை கூறுவது நம் நோக்கமல்ல. அது தவறான புரிதலால் நேர்ந்தது என்பதே உலமாக்களின் விளக்கம். நாம் கவனிக்க வேண்டியது தலைமையின் நடத்தையை. நபி (ஸல்) அவர்கள் அந்த இடத்தில் இல்லை, அப்படிக் கட்டளையிடவும் இல்லை. ஆனாலும் தம் படை செய்தது என்பதற்காகப் பொறுப்பேற்றார்கள். வெற்றியின் உச்சத்தில் இருந்த நேரத்தில், யாரும் வற்புறுத்தாமலேயே அதைச் செய்தார்கள்.

தௌபாவின் அளவுகோல்

தௌபாவின் நிபந்தனைகளை மதரஸாவில் நாம் படித்திருக்கிறோம். பாவத்தை விட்டு விலக வேண்டும், அதற்காக மனம் வருந்த வேண்டும், இனி செய்ய மாட்டேன் என்று உறுதி கொள்ள வேண்டும். மனிதனுக்கு இழைத்த அநீதி என்றால் அவனுடைய உரிமையைத் திருப்பித் தர வேண்டும், அல்லது அவனிடம் மன்னிப்புப் பெற வேண்டும். இந்த அளவுகோலில் நெதர்லாந்தை நிறுத்திப் பார்ப்போம்.

இரண்டு பெரும் படையெடுப்புகளை அது "போலீஸ் நடவடிக்கை" என்றே அழைத்தது. 1969ல் ஒரு முன்னாள் படைவீரர் தொலைக்காட்சியில் உண்மைகளைச் சொன்னபோது, அரசு ஓர் அவசர விசாரணை நடத்தி, சில அத்துமீறல்கள் தவிர இராணுவம் ஒட்டுமொத்தமாகச் சரியாகவே நடந்து கொண்டது என்று முடித்து விட்டது. செய்ததையே ஒப்புக்கொள்ளாதவருக்கு தௌபாவின் வாசல் எப்படித் திறக்கும்?

ரவகெடே விதவைகள் வழக்குத் தொடுத்தபோது, காலம் கடந்து விட்டது என்று அரசு வாதிட்டது. 2011 செப்டம்பரில் ஹேக் நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. அதன் பிறகே மன்னிப்பும், ஒவ்வொரு விதவைக்கும் 20,000 யூரோ இழப்பீடும் வந்தன. காலம் கடந்ததால் மட்டும் ஒருவரின் உரிமை அழிந்து விடாது என்பது ஃபிக்ஹிலும் நன்கு அறியப்பட்ட விதிதான்.

2020 மார்ச்சில் மன்னர் வில்லெம் அலெக்சாண்டர் இந்தோனேசியா சென்று மன்னிப்புக் கேட்டார். 2022 பிப்ரவரியில், டச்சுப் படை பரவலாகவும் தொடர்ச்சியாகவும் கடும் வன்முறையில் ஈடுபட்டது என்று ஒரு விரிவான ஆய்வு முடிவு வெளியானது. அன்றே பிரதமர் மார்க் ருட்டே, அந்த வன்முறைக்காக மட்டுமின்றி, முந்தைய அரசுகள் அதைக் கண்டும் காணாமல் இருந்ததற்காகவும் மன்னிப்புக் கேட்டார்.

ஆக, ஒப்புதல் வந்தது, வருத்தம் வந்தது, ஓரளவு ஈடும் வந்தது. ஆனால் நீதிமன்றம் தள்ளிய பிறகே வந்தது. அதற்குள் பெரும்பாலான விதவைகள் இறந்து விட்டார்கள். தாமதமான மன்னிப்பு பயனற்றது என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் அந்தத் தாமதமும் ஓர் அநீதிதான்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. மன்னிக்கும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் உரியது (2:178). இரு நாட்டுத் தலைவர்கள் கை குலுக்கிக் கொள்வதால் அந்த உரிமை தீர்ந்து விடாது.

நம்மவர்கள் என்றால்?

ஜாலியன்வாலாபாக் படுகொலைக்கு பிரிட்டன் முறையாக மன்னிப்புக் கேட்கவில்லை, 2019ல் வருத்தம் மட்டுமே தெரிவித்தது என்று நாம் ஆதங்கப்படுகிறோம். அதில் நியாயம் உண்டு. அதே நாவால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1971ல் பாகிஸ்தான் இராணுவம் வங்காள மக்கள் மீது நடத்திய கொடுமைகளுக்கு முறையான மன்னிப்பு வேண்டும் என்று பங்களாதேஷ் கேட்டு வந்தது. 2002ல் டாக்கா சென்ற முஷர்ரஃப் வருத்தம் தெரிவித்தாரே தவிர, மன்னிப்புக் கேட்கவில்லை. கொன்றவர்களும் கொல்லப்பட்டவர்களில் பலரும் கலிமா சொன்னவர்கள் என்பதால் நாம் வாய் மூடியிருக்க முடியுமா? உங்களுக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்பதுதானே இறைக் கட்டளை (4:135).

நம் வீட்டுப் பிள்ளைகள் வரலாறு படித்து விட்டு வந்து இந்தக் கேள்வியைக் கேட்டால், ஒரு வரியில் பதில் சொல்லலாம்: தாத்தா செய்த பாவம் உன்னுடையதல்ல, ஆனால் தாத்தாவின் வீட்டில் நீ வாழ்ந்தால், அந்த வீட்டின் மீதுள்ள கடனை அடைப்பது உன் கடமை.

நீதியின் பக்கம் நிற்கும் மனதை நம் அனைவருக்கும் அல்லாஹ் தந்தருள்வானாக.