லேமன், ஹெர்மன்

லேமன், ஹெர்மன் (1910–1985): ஹீமோகுளோபினை ஆராய்ந்த உயிர்வேதியியலாளர், நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் செல் பண்பு இருப்பதை உலகுக்குத் தெரிவித்தவர்.

ஜெர்மனியின் ஹாலே நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். நாஜி ஆட்சியின் ஒடுக்குமுறையால் சுவிட்சர்லாந்தின் பாசெலில் மருத்துவப் பட்டம் பெற்று, 1936இல் கேம்பிரிட்ஜ் சென்றார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்து இந்தியாவில் பணியாற்றினார். பின்னர் உகாண்டாவிலும் ஆய்வு செய்தார்.

நீலகிரி ஆய்வு: மேரி கட்புஷுடன் இணைந்து நீலகிரிப் பழங்குடியினரின் இரத்தத்தைச் சோதித்து, முடிவுகளை 1952இல் வெளியிட்டார். இந்தியாவில் அரிவாள் செல் நோய் பற்றிய தொடக்க கால ஆய்வுகளில் இது தலையாயது.

அமைப்பும் செயலும்: பெரியவர்களின் ஹீமோகுளோபினில் இரண்டு ஆல்பா, இரண்டு பீட்டா என நான்கு புரதச் சங்கிலிகள் உள்ளன. பீட்டா சங்கிலியின் 6ஆம் இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் அமைந்தால் அரிவாள் ஹீமோகுளோபின் உருவாகிறது. ஆக்சிஜனை இழக்கும்போது இம்மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்து நீண்ட இழைகளாவதால் சிவப்பணு அரிவாள்போல் வளைகிறது. உலகெங்குமிருந்து வந்த இரத்த மாதிரிகளில் இத்தகைய பல மாற்றங்களை லேமன் குழு இனங்கண்டது. ஒவ்வொரு மாற்றமும் மூலக்கூறின் செயலை எவ்வாறு பாதிக்கிறது என்பதை அவரும் புரத அமைப்பு ஆய்வாளர் மேக்ஸ் பெருட்சும் 1968இல் ஒரு கட்டுரையில் விளக்கினர். மூலக்கூறு நோயியலுக்கு அக்கட்டுரை அடித்தளமானது.

1972இல் இலண்டன் ராயல் சங்க உறுப்பினரானார். தமிழகம், மகாராஷ்டிரம் உள்ளிட்ட மாநிலங்களின் பழங்குடி மக்களிடையே காணப்படும், லேமன் ஆராய்ந்த அரிவாள் செல் நோயை 2047க்குள் ஒழிக்கும் தேசியத் திட்டத்தை இந்திய அரசு 2023இல் தொடங்கியது.